யாருக்குத் தெரியாத இடம்?

1

'சென்னையில் அதிகம் அறியப்படாத பத்துக் கலையரங்குகள்', 'யாருக்குமே தெரியாத பதினைந்து சாப்பாட்டுக் கடைகள்' - இப்படியொரு எழுத்துவகை பெருநகரத்தில் தழைத்துக் கிடக்கிறது. ஆங்கில நாளிதழ்களின் நகர இணைப்புகளில் வளர்ந்து, தமிழ் வார இதழ்களுக்கு இறங்கி, இன்று கைபேசியை நீட்டியபடி சந்துக்குள் நுழைகிற எவரும் அதன் ஆசிரியர் ஆகிவிடலாம் என்கிற நிலைக்கு வந்திருக்கிறது. பொழுதுபோக்கு எழுத்து என்று இதை ஒதுக்கிவிடுவது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு எளிது. ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரு நகரம் தன்னை எப்படி வாசித்துக்கொள்கிறது, யாரை வாசகராகவும் யாரை வாசிக்கப்படும் பொருளாகவும் வைக்கிறது என்று பார்க்க இந்தப் பட்டியல்களைவிடத் தோதான பிரதி கிடைப்பது கஷ்டம்.

முதலில் அந்த 'யாருக்கும் தெரியாத' என்கிற தொடரை எடுத்துக்கொள்வோம். பாரிமுனைப் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடை என்று வையுங்கள். சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால் இரண்டு மணி நேரத்தில் சட்டி காலி. சுமை தூக்குகிறவர்கள், பஜார்க் கடைப் பையன்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிற பெண்கள் என்று தினமும் நூறு பேர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் ஒருவர் வருகிறார், சாப்பிடுகிறார், படம் பிடிக்கிறார், 'யாருக்கும் தெரியாத கடை' என்று எழுதுகிறார். அப்போ அந்த நூறு பேரும் யாரய்யா? 'யாருக்கும்' என்பதில் உள்ள உம்மை, இலக்கணப்படி முற்றும்மை. ஒருத்தர் பாக்கியில்லாமல் சுட்ட வேண்டும். பட்டியல் எழுத்தின் முற்றும்மையோ நூறு பேரை வாசலில் நிறுத்திவிட்டு, எழுதுகிறவரையும் அவருக்குத் தெரிந்தவர்களையும் மட்டும் சுட்டுகிறது. அந்தச் சின்ன வட்டம்தான் 'எல்லோரும்' என்றாகிறது.

இதில் மூன்று இருக்கைகள் இருக்கின்றன. கண்டுபிடிக்கிறவர் ஒருவர். அவர் சொல்லிக் கேட்டு நாளைக்குக் கிளம்பப்போகிற வாசகர் ஒருவர். மூன்றாவது இருக்கையில் இடம் உட்கார்ந்திருக்கிறது, மனிதர்கள் இல்லை. சமைக்கிறவரும் பாடுகிறவரும் அந்த இடத்தின் வாசனை மாதிரி, சுவர்க்காரை மாதிரி வர்ணனைக்குள் வந்துபோகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு அறிதல் இருக்கிறது, ஒரு ரசனை இருக்கிறது, ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது என்பது அங்கே பேச்சே இல்லை. 'கண்டுபிடிப்பு' என்கிற சொல்லாடல் வேலை செய்கிற விதம் இது: ஏற்கெனவே தெரிந்தவர்களின் தெரிதலைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது.

சரி, இந்தக் கழித்தல் கைபேசிக்காரர்கள் தொடங்கியதா? இல்லை. நகரத்தின் 'அறியப்பட்ட' இடங்களே இப்படித்தான் உண்டாயின. அதைப் பார்க்காமல் பட்டியல்காரர்களை மட்டும் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

2

கலையரங்கும் சாப்பாட்டுக் கடையும் ஒரே பட்டியலில் ஏன் சேர்ந்து வருகின்றன? சென்னைக்காரர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. மார்கழியில் சபாவுக்குள் கச்சேரி, சபாவுக்குப் பின்னால் கேன்டீன். அல்வா, வாழைப்பூ வடை, தலைவாழை இலை. கச்சேரி விமர்சனத்துக்கு இணையாகக் கேன்டீன் விமர்சனமும் பத்திரிகைகளில் வருகிறது. சபாவையும் கேன்டீனையும் ஒரே நிறுவனமாகப் பார்ப்பதுதான் சரி. எதைக் கேட்பது தகும் என்று ஒன்று சொல்கிறது, எதைச் சாப்பிடுவது தகும் என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் ரசிகர் என்கிற தன்னிலையைக் கட்டுகின்றன.

இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எங்கள் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒருவர் 1887இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. ஊருக்கு அவர் காங்கிரஸ் தலைவர், சென்னை மேயர், பூண்டி நீர்த்தேக்கத்தின் பெயர். நாடகக்காரர் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் அவர் நடித்தவர். அந்தச் சபை வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த இடம். கூலிக்கு நடிக்கிற கம்பெனிக்காரர்களைக் 'கூத்தாடி' என்று விலக்கிவைத்த அதே வர்க்கம், தான் நடிப்பதற்கென்று ஒரு கௌரவமான மேடையை அங்கே கட்டிக்கொண்டது. பிற்பாடு அரசியலுக்குத் தேவைப்பட்டபோது கே. பி. சுந்தராம்பாள் முதலான தொழில்முறை நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்தவரும் சத்தியமூர்த்திதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொருவர் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. தாய்வழியில் இசை வேளாளர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் சட்டமன்றத்தில் நின்றபோது எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் திருமயம் சத்தியமூர்த்தி. ஒரே சமஸ்தானத்துக்காரர்கள் இருவர், சென்னையில் எதிரெதிரே. அந்தச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று. சம்பந்தப்பட்ட பெண்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் சட்டத்தை எதிர்த்து மனுக்கொடுத்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்று போராடினார். இருபக்கமும் அவர்கள் குரல் இருந்தது. ஆனால் மேடை யாருக்குப் போயிற்று? 1927இல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1931இல் அந்த மேடையில் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1936இல் கலாக்ஷேத்ரா. சதிர் பரதநாட்டியம் என்று பெயர் மாறியது. ஓரிரு தலைமுறையில் அந்தக் கலையைக் கையில் வைத்திருந்த குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனார்கள். 'நமது பாரம்பரியம் கண்டெடுக்கப்பட்டது' என்று வரலாறு எழுதப்பட்டது. நூறு பேர் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடையை 'யாருக்கும் தெரியாத கடை' என்று எழுதினாரே, அதே வேலைதான்.

இதன் இன்னொரு வடிவம் திருமயத்துப் பாறையிலேயே இருக்கிறது. குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டு புகழ்பெற்றது. அதே வகையைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று திருமயம் சிவன் குடைவரையிலும் இருந்தது. இன்று துணுக்குகள்தான் மிச்சம். பெரும்பகுதியை அழித்துவிட்டு, அந்தப் பரப்பின் மேல் 13ஆம் நூற்றாண்டில் வேறொன்றைப் பொறித்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடந்த சொத்துத் தகராறின் தீர்ப்பு அது. இசையின் இடத்தில் சொத்து வழக்கு. கலைக்கான இடம் என்பது எப்போதுமே யாருக்கோ உரிமையுள்ள பரப்பு. அந்த உரிமை கைமாறும்போது முன்பு எழுதியது அழிகிறது.

கேன்டீன் பக்கமும் இதே சண்டை உண்டு. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்கிற சொல்லை எடு. கடைசியில் அது எடுக்கப்பட்டது. இன்றைய பட்டியல்கள் திருவல்லிக்கேணியின் பழைய மெஸ்களையும் காபிக் கடைகளையும் 'பாரம்பரியச் சுவை' என்று கொண்டாடும்போது, அந்தத் தெருவில் ஒரு பலகையின் ஒரு சொல்லுக்காக ஆட்கள் சிறை போனார்கள் என்பது எங்கும் வருவதில்லை. ருசிக்கு வரலாறு உண்டு என்று சொல்லிக்கொண்டே அந்த வரலாற்றிலிருந்து சண்டையை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள்.

3

இப்போது வடக்கே, பட்டியல்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். பர்மா பஜார் பக்கம் விற்கிற அத்தோ. நூடுல்ஸ் மாதிரி மாவிழை, பச்சை வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, நொறுக்கிப் போட்ட பேஜோ, எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். 'சென்னையின் ஒளிந்திருக்கும் பர்மிய ரகசியம்' என்று இதைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியாயிற்று. ஒரே ரகசியத்தை எத்தனை தடவைதான் கண்டுபிடிப்பது?

ரகசியம் ஒன்றும் இல்லை. 1962இல் பர்மாவில் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் தேசியமயமாயின. அறுபதுகளின் நடுவில் தமிழர்கள் லட்சக்கணக்கில் கையில் எதுவும் இல்லாமல் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வியாசர்பாடியில் குடியிருப்பு, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை. பர்மா பஜார் அப்படி வந்தது. அத்தோ அந்த ஜனங்களின் ராச்சாப்பாடு. தாங்கள் இழந்த ஊரைத் தினமும் பிசைந்து தின்றவர்கள் அவர்கள்.

திருமயத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கதைக்கு இன்னொரு முனை தெரிகிறது. இங்கிருந்து அரைமணி நேரப் பஸ் பயணத்தில் செட்டிநாட்டு மாளிகைகள் நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள் அந்த வீடுகளின் பெருமை. 1930களின் மத்தியில், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி நகரத்தார் கைக்குப் போயிருந்தது. 1930இல் அது ஆறு சதவீதம் அளவில்தான் இருந்தது. பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழ, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் வட்டிக்கடைக்கு வந்துசேர்ந்தது. பர்மியர்களின் கோபம் பிற்பாடு யார் தலையில் விடிந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது கால்நடையாகக் காட்டைக் கடந்து செத்தவர்களிலும், அறுபதுகளில் கப்பலில் வந்தவர்களிலும் பெரும்பாலோர் கூலிகள், சிறு கடைக்காரர்கள்.

சென்னையில் இந்த இரண்டு முனைகளும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றம். தெலுங்குக் கீர்த்தனைகளே ஆண்ட சபா மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு எழுந்த இயக்கத்தின் கட்டடம் அது. 1943இல் தமிழிசைச் சங்கம், 1950களின் தொடக்கத்தில் மன்றம். அதற்குப் பணமும் பெயரும் கொடுத்த செட்டிநாட்டுக் குடும்பத்தின் லேவாதேவி பர்மா, இலங்கை என்று கடல்கடந்து பரவியிருந்தது. மன்றத்திலிருந்து கிளம்பி ராஜாஜி சாலைப் பக்கம் நடந்தால் அத்தோ வண்டி. ஒரே பர்மா ஒரு பக்கம் கலையரங்கமாக எழுந்தது, இன்னொரு பக்கம் நடைபாதைக் கடையாக வந்து உட்கார்ந்தது. தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. மியூசிக் அகாடமி வகையறாக்களுக்கு எதிராக அன்றைக்கு அது அவசியமான கலகம். நான் சொல்வது, ஒரு அரங்கத்தைப் பற்றி எழுதும்போது அதன் கல்லும் மரமும் எந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதும் விமர்சனத்தின் பகுதி. பட்டியல் எழுத்து அரங்கத்தை ஒரு பத்தியிலும் அத்தோவை இன்னொரு பத்தியிலும் வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் கிடப்பது அதற்குத் தெரிவதில்லை.

4

நாமும் கண்டுபிடிப்பாளர்கள்தான் என்பதை இந்த இடத்தில் பேசியாக வேண்டும். நவீன நாடகக்காரர்களின் வரலாறு தெருக்கூத்தைக் 'கண்டுபிடித்த' வரலாறு. புரிசை நடேச தம்பிரானின் கூத்து ந. முத்துசாமியைப் புரட்டிப்போட்டது, 1977இல் கூத்துப்பட்டறை உருவானது. கூத்து புரிசைக்காரர்களுக்கு எப்போதுமே தெரியும். செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது எழுத்தாளர்களுக்கு. ஆனாலும் இதைப் பட்டியல்காரர்களின் கண்டுபிடிப்போடு ஒன்றாக வைத்துவிட முடியாது. முத்துசாமி பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தம்பிரான் குடும்பத்தாரோடு பட்டறைக்கு நெருங்கிய உறவு இருந்தது, நடிகனின் உடலுக்குக் கூத்து என்ன தருகிறது என்று பல வருஷம் உழைத்துப் பார்த்தார். கேள்வி இல்லாமல் இல்லை. மைய அரசின் சங்கீத நாடக அகாடமி 'வேர்களைத் தேடு' என்று காசு கொடுத்தபோது, கூத்தின் அடவுகள் வந்த அளவுக்குக் கூத்தாடியின் ஜீவனம் பேச்சுக்கு வரவில்லை. கே. ஏ. குணசேகரன் போன்றோர் தலித் அரங்கு என்று பேசத் தொடங்கிய பிறகுதான், நிகழ்த்துகிறவனின் சாதி என்ன, அவன் எந்த வாசலில் நிறுத்தப்படுகிறான் என்கிற கேள்விகள் நாடக விமர்சனத்துக்குள் வலுவாக நுழைந்தன.

1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் உண்டாக்கிய சோழமண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒளிந்திருக்கும் ஓவியர் கிராமம்' என்று பட்டியலில் தவறாமல் வரும். அது அங்கே போய் ஒளிந்துகொள்ளவில்லை. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, கலைஞர்கள் தாங்களே கட்டிய இடம். 1980இல் பாதல் சர்க்கார் தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்கு நடத்திய பட்டறைக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. மேடையும் திரையும் டிக்கெட்டும் இல்லாமல் நாடகம் போட முடியும் என்கிற தெம்பு பலருக்கு அங்கிருந்து வந்தது. பிறகு 1984இல் பிரளயனும் தோழர்களும் தொடங்கிய சென்னைக் கலைக்குழு முதலானவை தெருமுனையையும் ஆலை வாசலையும் அரங்கமாக்கின. தெருமுனை நாடகத்துக்கு 'அதிகம் அறியப்படாத அரங்கு' என்று யாராவது பட்டியல் போட்டிருக்கிறார்களா? போட முடியாது. அது இன்றைக்கு இந்த முனை, நாளைக்கு வேறு முனை. போலீஸ் அனுமதி கிடைக்காவிட்டால் எந்த முனையும் இல்லை.

இதே மாதிரி பட்டியலுக்கு அகப்படாத இன்னொன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகம். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரங்களில் கோயில் திருவிழாதோறும் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசிக் கொண்டுவருவார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் நாடகம் நடக்கும். ஏன்? பாட்டும் வசனமும் தர்க்கமும் எல்லோருக்கும் தெரியும், பார்க்கிறவர்கள் உட்பட. திடலைச் சுற்றிப் பரோட்டாக் கடை, சுக்குக்காபி, வேர்க்கடலை. சபாவும் கேன்டீனும் இங்கேயும் உண்டு, டிக்கெட் மட்டும் இல்லை. தெரிந்தவர்களின் கூட்டத்தில்தான் இந்தக் கலைக்கு உயிரே இருக்கிறது. இதை 'யாருக்கும் தெரியாத' கலை என்று எழுதுகிறவர் தன் முகவரியைத்தான் எழுதுகிறார்.

5

இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, இடத்தை உண்டாக்குவது வேறு. 2015இல் பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா நடந்தது. மீனவர் குடியிருப்பின் மணலில் கர்நாடகக் கச்சேரி, பரதநாட்டியம், வில்லுப்பாட்டு, பறை. டி. எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலானோரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது. சபாக்காரர்கள் குப்பத்துக்கு வந்தது நல்லதுதான். ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது: குப்பத்துக்காரர்கள் எத்தனை பேர் அதற்கடுத்த மார்கழியில் சபாவுக்குள் உட்கார்ந்தார்கள்? போக்கு மட்டும் இருந்து வரத்து இல்லை என்றால் அது பாதி வேலை. இதைச் சொல்வதால் அந்த விழா வீண் என்றாகாது. அங்கே நடந்த பேச்சில்தான் மீன்வாடை அடிக்கிறது என்று முகம் சுளித்த பக்கத்துத் தெரு அம்பலப்பட்டது.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறையாக மேடையேறியது இதற்கு அடுத்த படி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்நின்றது. பெயரிலேயே அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர். கானாவும் சட்டியும் கட்டமோளமும் கிட்டாரும் சேர்ந்தன. கானா வடசென்னையில் சாவுவீட்டு ராத்திரிகளில் பாடப்படுவது. செத்தவருக்காக விழித்திருக்கும் ஜனங்களுக்கு நடுவே, வாசல் பந்தலில், டீ டம்ளர்கள் வந்துபோக, விடியும்வரை. அதுவும் ஒரு சபா, அதுவும் ஒரு கேன்டீன். சினிமா அதைத் தொண்ணூறுகளிலிருந்து எடுத்துக் குத்துப்பாட்டாக விற்றது. பாடினவர்களை ரவுடிகளாகவும் காமெடியன்களாகவும் காட்டிற்று. கீழ்ப்பாக்கத்தில் நடந்தது அதற்கு நேர் எதிர். மூன்றாவது இருக்கையில் சுவர்க்காரையாக இருந்தவர்கள் முதல் இருக்கைக்கு வந்து, மாட்டுக்கறியைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் தாங்களே பேசினார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியபோது, மார்கழி என்கிற மாதமே யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி பெயரிலேயே வந்துவிட்டது.

சாப்பாட்டுப் பக்கம் இதே கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிற சாப்பாடு. திருவிழாவில் அதற்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைச் சொல்லித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் முதலில் மாட்டுக்கறிக் கடை இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் வந்தது. பட்டியல் எழுத்தின் எல்லை எது என்பது இங்கே தெரிந்துபோகிறது. எத்தனை சந்துக்குள்ளும் நுழைவார்கள், எத்தனை குறுகிய படிக்கட்டும் ஏறுவார்கள். ஆனால் சில சட்டிகளுக்கு முன்னால் மட்டும் கைபேசி தானாகவே திரும்பிக்கொள்கிறது. அப்பட்டமாகத் தெருவில் இருப்பது 'கண்டுபிடிக்கப்படாமலே' இருக்கிறது. தெரியாமை என்பது தகவல் பற்றாக்குறை அன்று. பார்க்க வேண்டாம் என்று எடுத்த முடிவு.

6

பெருநகரத்தைச் சொல்லிவிட்டு மாவட்டத்தை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தார்கள். வந்த இடத்தில், அடுத்திருக்கும் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் தலித்துகளை விடுவதில்லை என்பதும் வெளியாயின. டீக்கடை மீது வழக்குப் போட்டார்கள், கோயிலுக்குள் மக்களை அழைத்துப் போனார்கள். 'இரட்டைக் குவளை கண்டுபிடிப்பு' என்று மாநிலம் முழுக்கச் செய்தி.

கண்டுபிடிப்பா? அந்த டீக்கடையில் டீ குடித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எந்தக் குவளை தனக்கு என்று தலித்துக்குத் தெரியும், எந்தக் குவளை தனக்கு இல்லை என்று மற்றவனுக்குத் தெரியும். அந்தக் கடையில் யாருக்கும் தெரியாதது என்று எதுவுமே இல்லை. எழுபத்தைந்து வருஷச் சுதந்திரத்தில் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கு வந்த இரண்டு அதிகாரிகள் செய்தது பாராட்டத்தக்கது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தெரியாமை இங்கே வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். 'யாருக்கும் தெரியாத கடை' என்று சென்னையில் எழுதுகிறவரின் முற்றும்மையும், 'இப்படியொன்று இருப்பது தெரியவே தெரியாது' என்று மாவட்டத்தில் சொல்கிறவரின் முற்றும்மையும் ஒரே இலக்கணம்தான். ஒன்றில் தெரிந்தவனின் ருசி கழிக்கப்படுகிறது, இன்னொன்றில் தெரிந்தவனின் அவமானம் கழிக்கப்படுகிறது.

அப்படியானால் ஊர் சுற்றி எழுதவே கூடாதா? எழுத வேண்டும். தெற்கேயிருந்து வேலைதேடிப் போய் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒண்டியிருந்து மெஸ் டோக்கனில் உயிர்வளர்த்தவர்கள் எழுத வேண்டும். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கிலும் எழும்பூர் இக்சா அரங்கிலும் கூட்டம் கேட்டுவிட்டு, பிறகு வெளியே டீக்கடையில் நின்று உண்மையான கூட்டத்தை நடத்தியவர்கள் எழுத வேண்டும். அவர்களுக்கு அந்த இடங்கள் ஒருநாளும் கண்டுபிடிப்பாக இருந்ததில்லை, பிழைப்பாக இருந்தன. அந்த எழுத்து வந்தால் அது நகர வரலாறாகவே இருக்கும்.

விமர்சகர்களுக்கு நான் வைப்பது சில எளிய கேள்விகள். ஒரு அரங்கத்தைப் பற்றி எழுதும்போது: இது யாருடைய நிலம், யாருடைய பணம், அனுமதி கொடுப்பவர் யார், மறுக்கப்பட்டவர் யார், இந்தக் கலையை இதற்கு முன் கையில் வைத்திருந்தவர்கள் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதும்போது: யார் சமைக்கிறார், என்ன கூலி, தினமும் சாப்பிடுகிறவர் யார், நாம் எழுதிக் கூட்டம் சேர்ந்து வாடகையும் விலையும் ஏறினால் அந்த ஆள் எங்கே போய்ச் சாப்பிடுவார், எது இங்கே சமைக்கப்படுவதில்லை, ஏன்? இத்தனையும் கேட்ட பிறகு வாழைத்தண்டு சூப் நன்றாக இருந்தது என்றும் தாராளமாக எழுதலாம். நன்றாகத்தான் இருக்கிறது.

திருமயத்துக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள், உச்சியில் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'அதிகம் அறியப்படாத கோட்டை' என்று எழுதுகிறார்கள். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை அது. அதன் அடிவாரத்தில் முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், நாடகம் பார்க்கிறார்கள், டீ குடிக்கிறார்கள். அடுத்த முறை வருகிற எழுத்தாள நண்பர்கள் கோட்டைக்கு ஏறுவதற்கு முன் கீழே ஒரு டீக்கடையில் நில்லுங்கள். பேச்சுக்கொடுங்கள். குவளைகளையும் கவனியுங்கள்.